பழைய டெஸ்க்டாப் கணினி வாங்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்கோ சிறு அலுவலகத்துக்கோ குறைந்த விலையில் ஒரு டெஸ்க்டாப் வாங்க எண்ணி, சென்னை ரிச்சி தெருவிலோ தங்கள் ஊர்க் கடைவீதியிலோ இணையத்திலோ விசாரிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது. கணினி பழுதுபார்ப்பவன் என்ற முறையில், கடைக்காரரின் பக்கமும் வாங்குபவரின் பக்கமும் நின்று பார்த்தவற்றையே எழுதியிருக்கிறேன்.

செகண்ட்-ஹேண்ட் என்பதற்கும் ரீஃபர்பிஷ்டு என்பதற்கும் உண்மையிலேயே வேறுபாடு உண்டா?

சொல்லளவில் உண்டு. ஒருவர் பயன்படுத்திய கணினியை உள்ளது உள்ளபடியே விற்றால் அது செகண்ட்-ஹேண்ட். அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, பழுதான பாகங்களை மாற்றி, சோதித்துப் பார்த்து, குறிப்பிட்ட காலத்துக்கு வாரண்டியுடன் விற்றால் ரீஃபர்பிஷ்டு. கடைவீதியிலோ, ப்ளோயரால் தூசியை ஊதிவிட்டு, கேபினெட்டைத் துணியால் துடைத்து, மேலே கண்ணாடித் தாள் சுற்றிவிட்டாலே ரீஃபர்பிஷ்டு என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். ஆகவே பெயரை விட்டுவிட்டு, “இதில் எந்தப் பாகத்தை மாற்றினீர்கள்?” என்று கேளுங்கள். எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) புதிதாகப் போட்டோம், தெர்மல் பேஸ்ட் (பிராசஸரின் சூட்டைக் கடத்தும் பசை) மாற்றினோம், சிமாஸ் பேட்டரி (மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் சிறு பேட்டரி) மாற்றினோம் என்று தயங்காமல் சொல்பவர் வேலை செய்திருக்கிறார். “எல்லாம் பக்காவா இருக்கு சார்” என்று மட்டும் சொல்பவர் பெரும்பாலும் துடைத்ததோடு சரி.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கணினிகளைப் புதுப்பித்து விற்கும் நிறுவனங்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பெரிய விற்பனையாளராக இருந்தால் இந்தப் பதிவைப் பற்றிக் கேட்கலாம். இரண்டு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கும் சிறு கடையில் கேட்டால் உங்களை விநோதமாகப் பார்ப்பார்கள்.

பிராண்டட் கணினியா, அசெம்பிள் செய்ததா?

பழையது வாங்குவதென்றால், ஐயமின்றி நிறுவனங்களின் அலுவலக மாடல்கள்தாம். டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க் மற்றும் புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் ஆகிய வரிசைகள் நாள் முழுதும் ஓடுவதற்கென்றே தயாரிக்கப்படுபவை. ஐ.டி. நிறுவனங்களும் வங்கிகளும் இவற்றை மொத்தமாக வாங்கியோ குத்தகைக்கு எடுத்தோ சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு, பழுது ஏதும் இல்லாத நிலையிலேயே மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. குளிரூட்டிய அறையில், யு.பி.எஸ். மின்சாரத்தில், எக்செல்லும் மின்னஞ்சலுமாக ஐந்தாண்டு ஓடிய பெட்டிக்குப் பெரிதாக எந்தக் களைப்பும் இருக்காது. பழைய அசெம்பிள்டு கணினியில் மதர்போர்டு ஒருவருடையது, எஸ்.எம்.பி.எஸ். (உள்ளே மின்சாரம் பகிரும் பெட்டி) இன்னொருவருடையது, ரேம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

இவற்றுக்கும் ஒரு குறை உண்டு. இந்த மூன்று நிறுவனங்களின் அலுவலக மாடல்களில் பெரும்பாலானவற்றின் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மதர்போர்டு இணைப்பும் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய அமைப்பு கொண்டவை. எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டால் கடையில் கிடைக்கும் பொதுவான ஒன்றை மாட்ட முடியாது. அதே மாடலுக்கானதைத் தேட வேண்டும். பரவலாக விற்ற மாடலை வாங்கினால் அதன் உதிரிப் பாகங்கள் ரிச்சி தெரு போன்ற இடங்களில் எளிதாகக் கிடைக்கும். அரிய மாடல் விலை மலிவாகக் கிடைத்தாலும் ஒதுக்கிவிடுவது நல்லது.

ஐ7, 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. என்று மிகக் குறைந்த விலைக்கு விளம்பரம் வருகிறதே, வாங்கலாமா?

அந்த விளம்பரத்தில் சொல்லாமல் விடப்பட்ட ஒன்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: பிராசஸர் எத்தனையாவது தலைமுறை? இன்டெல்லின் ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் உள்ள படிநிலைகளே தவிர, அவற்றை வைத்துத் தலைமுறைகளை ஒப்பிட முடியாது. முழு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஐ5-8500 என்பதில் கோட்டுக்குப் பின் நான்கு இலக்கங்கள் இருப்பதால் முதல் இலக்கமான 8தான் தலைமுறை. ஐ5-10400 என்பதில் ஐந்து இலக்கங்கள் இருப்பதால் முதல் இரண்டு இலக்கங்கள், அதாவது 10ஆவது தலைமுறை. ஐ7-2600 என்பது 2011இல் வந்த இரண்டாம் தலைமுறை. அதற்கும் 2020இல் வந்த ஐ3-10100க்கும் நான்கு கோர், எட்டு த்ரெட் என்று கணக்கு ஒன்றாக இருந்தாலும், வேகத்தில் அந்த ஐ3 இந்த ஐ7ஐ எளிதாக முந்திவிடும்.

மேற்படி விளம்பரங்களில் பலவற்றின் உள்ளே இருப்பது எச்61 சிப்செட் கொண்ட, பெயர் தெரியாத ஒரு புதிய மதர்போர்டும் அதில் மாட்டிய இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறைப் பழைய பிராசஸரும்தான். வண்ண விளக்கு எரியும் புதிய கேபினெட்டில் அடைத்துவிட்டால் பார்ப்பதற்குப் புதுக் கணினியாகவே இருக்கும். கேட்டாலும் “புதுசு” என்றே சொல்வார்கள். போர்டும் பெட்டியும் புதியவை என்பதால் அது முழுப் பொய்யும் ஆகாது.

எண்ணின் முடிவில் வரும் எழுத்தையும் கவனியுங்கள். டி என்றிருந்தால் மின்சாரத்தைக் குறைவாக எடுத்துக்கொண்டு சற்று மெதுவாக ஓடும் வகை. எஃப் என்றிருந்தால் அதில் கிராபிக்ஸ் வசதி கிடையாது. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் மானிட்டரில் படமே வராது.

எந்தத் தலைமுறைக்குக் கீழே போகக் கூடாது?

விண்டோஸ் பயன்படுத்துவதாக இருந்தால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (கணினி எழும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் வசதி) ஆகியவற்றோடு, இன்டெல் எனில் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும், ஏ.எம்.டி. எனில் பொதுவாக ரைசன் 2000 வரிசையும் அதற்கு மேலும் தேவை என்று மைக்ரோசாஃப்ட் வரையறுத்துள்ளது. நிறுவனங்கள் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளை மொத்தமாக வெளியே தள்ளுவதற்கும், அவை இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கும் காரணம் இதுதான். இந்த எல்லைக்கோட்டைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்றிக் கொடுக்க வழிகள் உண்டு, கடைகளிலும் அப்படிச் செய்துதான் விற்கிறார்கள். அன்றைக்கு ஓடும், ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய அப்டேட் தானாக வரும் என்ற உறுதி இருக்காது.

மாடல் பெயரைக் கொண்டு சொல்வதானால், ஆப்டிப்ளெக்ஸ் 3060, 5060, 7060, எலைட்டெஸ்க் 800 ஜி4, திங்க்சென்டர் எம்720, எம்920 ஆகியவை எட்டாம் தலைமுறையில் வந்தவை. ஐ5 வரிசை நான்கு கோரிலிருந்து ஆறு கோருக்கு மாறியதும் இந்தத் தலைமுறையில்தான் என்பதால், ஏழிலிருந்து எட்டுக்குப் போவதற்கு ஆகும் கூடுதல் செலவுக்குப் பலன் இருக்கிறது.

விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் போடுவதாக இருந்தால் இந்த எல்லை உங்களுக்குப் பொருந்தாது. நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜி.பி. ரேம், ஓர் எஸ்.எஸ்.டி. இருந்தால் லினக்ஸ் மின்ட் தாராளமாக ஓடும். தமிழில் தட்டச்சு செய்வதற்கும் தடையில்லை. ஆனால் டேலி போன்ற விண்டோஸ் மென்பொருள்களை நம்பித் தொழில் நடத்துபவர்களை நான் லினக்ஸ் பக்கம் இழுப்பதில்லை.

கடையில் நின்று எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு, முடிந்தால் காலையில் போங்கள். மாலைக் கூட்டத்தில் கடைக்காரருக்கும் பொறுமை இருக்காது.

முதலில் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றச் சொல்லுங்கள். அலுவலக மாடல்களில் பெரும்பாலும் ஒரு தாழ்ப்பாளை இழுத்தாலே திறந்துகொள்ளும். மதர்போர்டில் நிற்கும் சிறு உருளைகளான கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, மேலே பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தாலோ மூடிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடலாம். திருகுகளின் மேலும் போர்ட்டுகளின் உலோக விளிம்பிலும் துரு தெரிந்தால் கடற்கரைக் காற்றிலோ ஈரத்திலோ கிடந்தது என்று பொருள். வெள்ளத்தில் நனைந்ததாகவும் இருக்கலாம்.

அடுத்து, பவர் ஆன் செய்யும்போதே பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரை) போங்கள். டெல்லில் எஃப்2, எச்.பி.யில் எஃப்10, லெனோவோவில் எஃப்1. கடிகாரம் பல ஆண்டு பின்தங்கிக் காட்டினால் சிஆர்2032 என்ற சிமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கிறது. மிகச் சிறிய செலவுதான், அதற்காகத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே தெரியும் சர்வீஸ் டேக் அல்லது சீரியல் எண்ணையும் பெட்டியின் வெளியே ஒட்டியிருக்கும் எண்ணையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். டெல்லில் இது ஏழு எழுத்து, எண்கள் கொண்டது. இரண்டும் வேறாக இருந்தால் போர்டு ஒரு கணினியிலிருந்தும் கூடு இன்னொன்றிலிருந்தும் வந்திருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால், அந்த எண்ணை நிறுவனத்தின் தளத்தில் இட்டு, கணினி எந்த ஆண்டு விற்கப்பட்டது என்பதைக் கைபேசியிலேயே பார்த்துவிடலாம்.

டெல்லில் எஃப்12 பட்டியலிலும், எச்.பி.யில் எஃப்2 மூலமாகவும், கணினிக்குள்ளேயே இருக்கும் சோதனை நிரலை ஓட்டலாம். அது ரேம், டிஸ்க், மின்விசிறி அனைத்தையும் தானே பார்த்துச் சொல்லிவிடும். அது முடிந்ததும் விண்டோஸைத் திறந்து, யூடியூபில் ஏதேனும் உயர் தெளிவுக் காணொளியை ஓடவிட்டு, அரை மணி நேரம் சும்மா இருங்கள். மின்விசிறி இரைந்துகொண்டே இருந்தால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். தானாக அணைந்து எழுந்தால் வாங்க வேண்டாம். அந்த அரை மணியில், பின்னால் உள்ள ஒவ்வொரு யு.எஸ்.பி. துளையிலும் ஒரு பென் டிரைவைச் செருகிப் பார்த்துவிடுங்கள்.

ஹார்டு டிஸ்க் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று அறிய முடியுமா?

முடியும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலை பென் டிரைவில் கொண்டுபோய் ஓட்டினால், டிஸ்க் இயங்கிய மொத்த மணி நேரம் தெரியும். நாளொன்றுக்கு 8 மணி, ஆண்டுக்கு 250 வேலைநாள் என்றால் 2,000 மணி. ஐந்தாண்டு அலுவலகத்தில் இருந்த டிஸ்க் ஏறத்தாழ 10,000 மணி காட்டுவது இயல்பு. 40,000 மணி காட்டினால் அது இரவும் பகலும் ஓடியது. கண்காணிப்புக் கேமரா பதிவுப் பெட்டியிலிருந்து வந்திருக்கவும் கூடும். மாறாக, லேபிளில் பல ஆண்டு முந்தைய தேதியும் திரையில் சில மணி நேரமும் காட்டினால் எண்ணிக்கையை அழித்திருக்கிறார்கள் என்றே நான் கருதுவேன். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் என்ற வரியில் சுழியத்தைத் தவிர வேறு எண் இருந்தால் அந்த டிஸ்க்கில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள்.

உண்மையில், பழைய சுழலும் டிஸ்க்கைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதைவிட, விலையில் அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, புதிய எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பில்லோடு வாங்கி மாட்டுவது மேல். பழைய கணினிக்கு ஒரே ஒரு செலவு செய்வதென்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ரேம்?

8 ஜி.பி.க்குக் குறைய வேண்டாம். 16 இருந்தால் பல ஆண்டுக்குப் போதும். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை வெகுவாக ஏறியிருப்பதால், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணாமல் வாங்கும்போதே தேவையான அளவுடன் வாங்குவது லாபம். டி.டி.ஆர்.3 துளையில் டி.டி.ஆர்.4 பொருந்தாது.

“பழைய நிறுவனத்தின் பூட்டு” என்று சொல்கிறார்களே, அது என்ன?

பலரும் கேள்விப்படாதது, மாட்டிக்கொண்டால் தலைவலி இதில்தான் அதிகம். இது மூன்று வகையாக வரும். பயாஸ் கடவுச்சொல் முதலாவது. பழைய போர்டுகளில் பேட்டரியைக் கழற்றினாலோ ஜம்பரை மாற்றினாலோ அது போய்விடும். புதிய அலுவலக மாடல்கள் பலவற்றில் அவ்வாறு போவதில்லை. திருட்டைத் தடுப்பதற்காக பயாஸுக்குள்ளேயே பதிக்கப்பட்ட கண்காணிப்பு மென்பொருள் இரண்டாவது; முந்தைய உரிமையாளர் அதை முடித்துவைக்காமல் விட்டிருந்தால் பயாஸில் அது இயக்கத்தில் இருப்பதாகக் காட்டும்.

மூன்றாவது விண்டோஸ் ஆட்டோபைலட். நிறுவனம் தன் கணினிகளின் வன்பொருள் அடையாளத்தை மைக்ரோசாஃப்ட் சேவையில் பதிந்து வைத்துக்கொள்ளும் முறை இது. கணினியைக் கழிக்கும்போது அந்தப் பதிவை நீக்க வேண்டியது நிறுவனத்தின் வேலை, பலர் மறந்துவிடுகிறார்கள். என் அத்தை மகளின் படிப்புக்காக ஒரு கடையில் நானே பார்த்து வாங்கிக் கொடுத்த கணினியில் இது நடந்தது. கடைக்காரர் இணையம் இணைக்காமல் விண்டோஸ் ஏற்றிக் கொடுத்திருந்ததால் நான்கு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பிறகு ஏதோ கோளாறு என்று அவளே ரீசெட் செய்திருக்கிறாள். மறுபடி எழுந்தபோது, முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் பெயரும் முத்திரையும் போட்டு “வரவேற்கிறோம்” என்று சொல்லி, அந்த நிறுவன மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கேட்டு நின்றது. எத்தனை முறை அழித்து ஏற்றினாலும் இணையம் கிடைத்தவுடன் அதே திரை. கடைசியில் கடைக்காரர் வேறு பெட்டி கொடுத்தார். பில் இருந்ததால் கொடுத்தார்.

இதற்குச் சோதனை எளிது. கடையிலேயே கணினியை முழுமையாக ரீசெட் செய்து, கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, கணக்குக் கேட்கும் திரை வரை போகச் சொல்லுங்கள். வெறும் மைக்ரோசாஃப்ட் திரை வந்தால் சரி. நிறுவனப் பெயர் வந்தால் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். லினக்ஸ் போடுபவர்களுக்கு மட்டும் இந்த மூன்றாவது பூட்டால் இடைஞ்சல் இல்லை.

விண்டோஸை “ஆக்டிவேட்” செய்து தருவதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா?

விண்டோஸ் 8 காலத்திலிருந்து வந்த பிராண்டட் அலுவலகக் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு விண்டோஸ் உரிமம் மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. அதே பதிப்பை ஏற்றி இணையத்தில் இணைத்தாலே போதும். யாரும் ஆக்டிவேட் செய்து தர வேண்டியதில்லை. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தில் டிஜிட்டல் உரிமம் என்று காட்டும். நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் இயக்கப்பட்டது என்று காட்டினால், கள்ளத்தனமான நிரல் ஒன்றை ஓட்டியிருக்கிறார்கள். அந்த நிரலுக்கு வழிவிடுவதற்காக ஆன்டிவைரஸை அணைத்து வைத்திருப்பதும் வழக்கம். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அதை விட்டுவைக்க முடியாது. வீட்டுக்கு வந்தவுடன் டிஸ்க்கை முழுதாக அழித்து, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸை நீங்களே ஏற்றுங்கள்.

பெரிய டவரா, மெலிந்த பெட்டியா, கையடக்கப் பெட்டியா?

பிற்பாடு கிராபிக்ஸ் கார்டு போடும் எண்ணம் இருந்தால் டவர். மெலிந்த பெட்டியில் உயரம் குறைந்த கார்டுதான் நுழையும். தனி மின் இணைப்பு இருக்காது என்பதால், துளையிலிருந்து கிடைக்கும் அதிகபட்சமான 75 வாட்டுக்குள் ஓடுவதாகவும் இருக்க வேண்டும். கையடக்கப் பெட்டியில் கார்டுக்குப் பொதுவாக இடமில்லை. லேப்டாப் ரேமும் லேப்டாப் போன்ற அடாப்டரும்தான் அதற்கு. அடாப்டர் ஒரிஜினல்தானா என்று பாருங்கள். கணக்கு எழுதுவதற்கும் ஆன்லைன் வகுப்புக்கும் கையடக்கப் பெட்டியே போதும். இட நெருக்கடியான வீடுகளுக்கு நான் அதைத்தான் சொல்கிறேன்.

மின்கட்டணம் எகிறுமா?

எகிறாது. எட்டாம் தலைமுறை அலுவலகக் கணினியும் மானிட்டரும் சேர்ந்து சராசரியாக 60 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால், தினம் 8 மணி நேரத்துக்கு மாதம் 14.4 யூனிட் ஆகும். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால் ஒரு பில்லுக்கு ஏறத்தாழ 29 யூனிட். கனமான வேலைகளுக்கென வந்த பழைய ஜியான் ஒர்க்ஸ்டேஷன்களை வாங்குபவர்கள்தாம் இந்தக் கவலையைப் பட வேண்டும்.

மானிட்டர், கேபிள், மற்றவை?

மானிட்டரில் முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படங்களைப் போட்டுப் பாருங்கள். புள்ளியும் மஞ்சள் திட்டும் உடனே தெரியும். அலுவலகக் கணினிகள் பலவற்றில் எச்.டி.எம்.ஐ. இருக்காது, டிஸ்ப்ளேபோர்ட்தான் இருக்கும். வைஃபையும் பலவற்றில் கிடையாது. இவ்விரண்டுக்குமான கேபிளையும் யு.எஸ்.பி. வைஃபையையும் பேரத்திலேயே சேர்த்துக் கேட்டுவிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறம் 115, 230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருந்தால், மின்சாரம் கொடுக்கும் முன் அது 230இல் இருக்கிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு விலை கொடுக்கலாம்?

விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் எண் சொல்வதில் பொருளில்லை. அதே வேலையைச் செய்யும் புதிய ஐ3 கணினியின் விலையை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பழையது, நீங்கள் மாட்டப்போகும் எஸ்.எஸ்.டி.யையும் சேர்த்து, அதில் பாதியைத் தாண்டினால் நான் புதியதற்கே போவேன். ஒரே மாடலுக்கு மூன்று கடையில் விலை கேட்டால் நடப்பு விலை பிடிபட்டுவிடும்.

பில்லும் வாரண்டியும் அவசியமா?

பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம். சில நூறு ரூபாய் குறையும் என்று பில்லை விட்டுவிட்டால், பிறகு அது திருட்டுப் பொருள் என்று தெரியவரும்போதும், வாரண்டிக்காகப் போய் நிற்கும்போதும் கையில் ஒன்றும் இருக்காது. பில்லில் வெறுமனே “கணினி 1” என்று எழுதாமல், மாடல், சீரியல் எண், பிராசஸர் எண், வாரண்டி எத்தனை மாதம், எந்தெந்தப் பாகத்துக்கு என்பதை எழுதி வாங்குங்கள். “டெஸ்டிங் வாரண்டி” என்று சொல்வது பெரும்பாலும் சில நாட்களுக்கு மட்டுமே. பேச்சு முற்றிவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். அங்கும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

வாங்கிய டிஸ்க்கில் முந்தையவரின் கோப்புகள் இருந்தால் என்ன செய்வது?

அவ்வப்போது நடக்கிறது. ஒருமுறை நான் திறந்த கணினியில் யாரோ ஒரு குடும்பத்தின் ஆதார் நகல்களும் திருமணப் படங்களும் அப்படியே இருந்தன. திறந்து பார்க்காமல், நகல் எடுக்காமல், முழுதாக அழித்துவிட்டு விண்டோஸை ஏற்றுங்கள். உங்கள் பழைய கணினியை மாற்றாகக் கொடுத்துவிட்டு இதை வாங்கியிருந்தால், அதன் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்ட பிறகு கொடுத்தீர்களா என்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். இல்லையென்றால் இன்றே கடைக்குப் போனால் பெரும்பாலும் பெட்டி இன்னும் மூலையில்தான் இருக்கும்.